கயிறு பிடிச்சவரும் கிளாஸ்கோ டாக்டர்களும்

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க. தூத்துக்குடியில ஆரம்பிச்சு ஸ்காட்லாந்து போய், திரும்ப நம்ம ஊர் ஐசியூ வாசல்ல வந்து நிக்கப் போறோம்.

1974 ஜூலை 11, வியாழக்கிழமை. தூத்துக்குடியில் புதிதாகக் கட்டிய துறைமுகம் இந்தியாவின் 10-ஆவது பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்க்காரங்க பலருக்கு இந்தத் தேதி தெரியும்.

சரியா 2 நாள் கழிச்சு, ஜூலை 13, சனிக்கிழமை. லண்டனில் இருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியானது. மொத்தம் 4 பக்கம். எழுதியவர்கள் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இரண்டு மூளை அறுவை மருத்துவர்கள். வேலை பார்த்த ஊர் கிளாஸ்கோ. கட்டுரையின் விஷயம், நினைவிழந்து கிடக்கும் நோயாளி எவ்வளவு ஆழமான மயக்கத்தில் இருக்கிறார் என்று படுக்கைப் பக்கத்தில் நின்றபடியே எப்படி அளப்பது என்பது.

இன்னைக்கு விபத்துல அடிபட்டு மயக்கமா வர்ற யாரையும் எந்த நாட்டுல எந்த கேஷுவால்டிக்குக் கொண்டுபோனாலும், கேஸ் ஷீட்டில் 'ஜிசிஎஸ்' என்று ஒரு எண் எழுதுவாங்க. கிளாஸ்கோ கோமா ஸ்கேல். 15-க்கு எத்தனை என்று. உங்க வீட்டில் யாராவது ஐசியூவில் இருந்திருந்தால் "ஜிசிஎஸ் 8 தாங்க இருக்கு" என்ற வாக்கியத்தைக் கேட்டிருப்பீங்க. அது பிறந்த வாரமும் நம்ம துறைமுகம் பெரிய துறைமுகமான வாரமும் ஒண்ணு. தற்செயல்தான். ஆனா தூத்துக்குடிக்காரனான எனக்கு அந்தத் தற்செயல் ரொம்பப் பிடிக்கும்.

(இன்னொரு தற்செயலையும் சொல்லிடறேன். 1906-இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆரம்பிச்சு எதிர்த்து நின்னாரே, அந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, அதுவும் கிளாஸ்கோவில் பிறந்ததுதான். வில்லியம் மக்கினான் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கியது. டீஸ்டேலும் ஜென்னெட்டும் வேலை பார்த்த சதர்ன் ஜெனரல் மருத்துவமனையும் கிளைட் ஆற்றங்கரையில், கப்பல் கட்டும் தளங்களுக்குப் பக்கத்தில் இருந்ததுதான். சரி, கப்பலை விட்டுட்டு விஷயத்துக்கு வருவோம்.)

அந்த அளவுகோலில் 3 பகுதி. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா. இதில் கடைசிப் பகுதிதான் இந்த இழை. எம் ஸ்கோர் என்போம், மோட்டார் ரெஸ்பான்ஸ். மூன்றிலும் உயிர் பிழைப்பதைப் பற்றி அதிகம் சொல்வது இதுதான். கண் வீங்கி மூடிப்போயிருந்தால் கண்ணைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது. தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சு இல்லை. கை மட்டும் மிச்சம்.

ஆனா கிளாஸ்கோவுக்கு ரொம்ப முன்னாடியே, ஒரு மனுஷனோட நினைவு எந்த நிலையில் இருக்குன்னு அவன் கை அசைவை மட்டும் வச்சுக் கண்டுபிடிக்கிற வேலை ஒண்ணு நம்ம கடற்கரையில் இருந்தது. முத்துக்குளியில் கயிறு பிடிக்கிற வேலை.

கொற்கை இப்போ கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமி நூலான 'பெரிப்ளஸ்' அதைக் 'கொல்கி' என்று சொல்லி, பாண்டியர் முத்துக்குளிப்பு அங்கே தண்டனைக் கைதிகளை வைத்து நடந்தது என்கிறது. யோசிச்சுப் பாருங்க, கைதிகள். அந்த வேலை எவ்வளவு ஆபத்துன்னு அந்த ஒரு தகவலே சொல்லிடும். பிறகு 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் சொல்லும் ஆட்களுக்கு முத்தில் 20-இல் ஒரு பங்கு போனது என்று எழுதினார். நம்ம ஊரில் அவங்களைக் 'கடல்கட்டி' என்பாங்க.

சுறாவை எல்லாரும் எழுதினாங்க. உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது மூச்சைத்தான்.

முறை இப்படி. முத்துப்பார் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் ஆழத்தில், அதாவது 30 முதல் 60 அடியில் இருக்கும். குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை வைத்து, விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார், மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் சிப்பிகளை அள்ளி வலைப்பையில் போடுவார். ஒரு நிமிடம், கொஞ்சம் கூடக்குறைய. அப்புறம் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார்.

அந்தச் சுண்டல்தான் எல்லாம். தண்ணிக்குள்ள கண்ணைப் பார்க்க முடியாது, பேச்சைக் கேட்க முடியாது. கயிறு வழியா வர்ற அசைவு மட்டும். எம் ஸ்கோர் மட்டும்.

கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு: கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பாங்க, தங்கச்சி தாலி அவன் கையில் இருக்குறதால கவனமா இருப்பான்னு. மலைத்தேன் எடுக்கிறவங்க கிட்டயும் இதே கதையைக் கேட்டிருக்கேன். எவ்வளவு தூரம் வழக்கம், எவ்வளவு தூரம் கதைங்கிறது இருக்கட்டும். கயிறு பிடிக்கிற வேலைக்குக் கூலிக்கு ஆள் வைக்க யாருக்கும் மனசு வராதுங்கிறது மட்டும் புரியுது.

இங்கே கொஞ்சம் உடலியல். மூச்சை அடக்கும்போது "போதும், மூச்சு விடு" என்று உடம்பு கதறுவது ஆக்சிஜன் குறைந்ததால் அல்ல, கார்பன் டை ஆக்சைடு கூடியதால். ஆக்சிஜன் சத்தமில்லாமல் குறையும். அதனால்தான் இறங்குவதற்கு முன் வேகமாக மூச்சு வாங்கி கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துக்கொண்டால் ரொம்ப ஆபத்து. அலாரத்தைக் கழட்டி வச்சுட்டு இறங்குற மாதிரி. ஆழத்தில் நீரின் அழுத்தம் நுரையீரலில் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். மேலே வர வர அந்த அழுத்தம் போய்விடும். கடைசி சில அடிகளில், வெளிச்சம் தெரியும்போது, ஆள் மயங்குவார்.

மயங்குவதற்குச் சற்று முன்னால் கை கால் உதறும். விளையாட்டாக மூச்சடக்கி ஆழம் போகிற இந்தக் காலத்து ஆட்கள் இதற்குச் 'சாம்பா' என்றே பேர் வைத்திருக்கிறார்கள், பிரேசில் நடனத்தின் பேர். போட்டியில் மேலே வந்ததும் 15 விநாடிக்குள் முகத்தில் மாட்டியதைக் கழற்றி, விரலால் 'ஓகே' காட்டி, வாயால் சொல்லவும் வேண்டும். செய்யலைன்னா தகுதி நீக்கம். ஏன்? கண் திறந்திருக்கிறதாலேயே ஆள் நினைவில் இருக்கார்னு அர்த்தம் இல்லை. சொன்னதைச் செய்யறாரா, அதுதான் கேள்வி.

நம்ம முத்துப்பாரில் கயிறு பிடிச்சவருக்கும் இதே கேள்விதான். இது அவன் வேணும்னு கொடுத்த சுண்டலா, இல்ல தானா வந்த உதறலா? ரெண்டுக்கும் அவர் செய்யப்போறது ஒண்ணுதான், இழுக்கிறது. ஆனா சுண்டலே வராமல் நேரம் போனால் அவராகத்தான் முடிவெடுக்கணும். கடிகாரம் இல்லாத முடிவு.

1803-இல் இலங்கையைப் பற்றி எழுதிய ராபர்ட் பெர்சிவல், குளித்து வருபவர்களின் வாய், மூக்கு, காதில் இருந்து நீரும் சில நேரம் ரத்தமும் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அப்புறம் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் என்று தெரியும், ஆனா அவர் படிச்சது மருத்துவம். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றி 1890-இல் புத்தகம் போட்டார். இப்படி எழுதியவங்க எல்லாம் படகு, கல், கயிறு, சிப்பி ஏலம் எல்லாத்தையும் விவரமா எழுதுறாங்க. கயிறு பிடிச்ச ஆள் மனசுக்குள்ள எப்படிக் கணக்குப் போட்டார்ங்கிறதை அவரையே உட்கார வச்சுக் கேட்ட பதிவு எதுவும் என் கண்ணில் படலை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

மேலே வந்த ஆள் மூச்சில்லாமல் கிடந்தால்? 1767-இல் ஆம்ஸ்டர்டாமில், நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினாங்க. அப்போ தூத்துக்குடி டச்சுக்காரங்க கையில், 1658-லிருந்து. அதைப் பார்த்து 1774-இல் லண்டனிலும் ஒன்று. துருத்தி வைத்து ஊதுவது, உடம்பைச் சூடாக்குவது, ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகை விடுவது (சிரிக்காதீங்க, நிஜம்) என்று என்னென்னவோ செய்தார்கள். ஆனால் அந்தச் சங்கங்கள் ஒரு முக்கியமான விஷயத்தை ஏற்க வைத்தன: அசையாமல் கிடப்பதும் இறந்துபோவதும் ஒன்றல்ல.

அசையாமல் கிடப்பதற்குள்ளேயே படிகள் இருக்கு என்று புரிய இன்னும் 100 வருஷத்துக்கு மேல் ஆச்சு. 1898-இல் சார்லஸ் ஷெரிங்டன், பூனைகளின் மூளைத்தண்டை நடுமூளை மட்டத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தார். நான்கு கால்களும் கம்பு மாதிரி விறைத்து நீண்டன. மேலிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்ததும், கீழே இருக்கும் பழைய சர்க்யூட் தன்னிஷ்டத்துக்கு வேலை செய்கிறது. மனிதரிலும் கிட்டத்தட்ட இதேதான். மூளை வீங்கி, மண்டை ஓட்டுக்குள் இடமில்லாமல் கீழ்நோக்கித் தள்ளும்போது, முதலில் மேல்மாடி இருட்டாகும், அப்புறம் அதற்குக் கீழே, அப்புறம் அதற்கும் கீழே. எந்த மாடி வரை கரண்ட் போயிருக்குன்னு கை காட்டிக்கொடுக்கும்.

எப்படின்னு சொல்றேன். "கையைத் தூக்குங்க" என்றதும் தூக்கினால் 6. சொன்னது புரியலை, ஆனா வலி கொடுத்தால் எங்கே வலிக்குதோ அங்கே கை வந்து தட்டிவிடுது, அது 5. நகத்தை அழுத்தினால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளுது, ஆனா வலி எந்த இடம்னு தேடி வரத் தெரியலை, அது 4. மெதுவாக, விறைப்பாக முழங்கை மடங்கி, மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் உள்ளே போனால் 3. கை நீண்டு விறைத்து உள்பக்கம் திரும்பினால் 2, ஷெரிங்டனோட பூனை மாதிரி. ஒன்றுமே இல்லைன்னா 1. பூஜ்யம் கிடையாது.

1974 கட்டுரையில் 3-உம் 4-உம் தனித்தனியா இல்லை. 'மடக்கம்' என்று ஒரே படி. அனுபவம் இல்லாதவங்க இரண்டையும் பிரிக்கத் தடுமாறுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். சில வருஷத்தில் பிரித்தார்கள், அதனால்தான் 14 ஆக இருந்த மொத்தம் 15 ஆச்சு. இந்தப் பிரிவு எனக்கு எவ்வளவு முக்கியம்னு கீழே சொல்றேன்.

இதுக்கு முன்னாடி என்ன எழுதினாங்க? அரை மயக்கம், ஆழ்ந்த மயக்கம், ஸ்டூப்பர், செமி கோமா. ஒரு டாக்டரோட செமி கோமா இன்னொருத்தரோட ஸ்டூப்பர். ராத்திரி ஷிஃப்ட் "செமி கோமா"ன்னு எழுதி, காலை ஷிஃப்டும் "செமி கோமா"ன்னு எழுதினால் நடுவில் நோயாளி இறங்கிப் போனது யாருக்கும் தெரியாது. சி.டி. ஸ்கேன் அப்போதான் பிறந்த குழந்தை, விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருந்தது. கிளாஸ்கோ டாக்டர்கள் செய்தது என்னன்னா, 'என்ன நினைக்கிறாய்' என்று கேட்பதை நிறுத்தி 'என்ன பார்த்தாய்' என்று கேட்டது. அதுவும் நர்ஸும் ஜூனியர் டாக்டரும் பார்த்து ஒரே பதில் சொல்லும்படி.

இந்தியாவுக்கு வருவோம். தென்னிந்தியாவில் மூளை அறுவை சிகிச்சை, 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி, 1950-இல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி என்று தொடங்கியது. எம் ஸ்கோரை வைத்து நம்ம நாட்டைப் பற்றி ஒரு கசப்பான உண்மையைச் சொன்ன ஆய்வு டெல்லியில் நடந்தது. டெல்லியில் 551 தலைக்காய நோயாளிகள், அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் 822 பேர். முடிவு 1989-இல் வெளிவந்தது. டெல்லி பக்கம் பி.என். டாண்டன் குழு.

மொத்த இறப்பு டெல்லியில் 11 சதவீதம், அங்கே 7 சதவீதத்துக்குச் சற்று மேல். இவ்வளவுதானா வித்தியாசம் என்று தோணும். எம் ஸ்கோர் வாரியாகப் பிரித்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. பெரிய இடைவெளி நடுவில், 5-இல் இருந்தது. வலி வந்த இடத்துக்குக் கையைக் கொண்டுவரும் அளவுக்கு மூளை வேலை செய்யும் ஆட்கள். அவர்களில் டெல்லியில் இறந்தவர்கள் விகிதம் சார்லட்ஸ்வில்லைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். காப்பாற்றக்கூடிய ஆட்கள். வழியில் ஆம்புலன்ஸ் இல்லாமல், வந்து சேர நேரமாகி, தீவிர சிகிச்சை போதாமல் போனவர்கள். தமிழ்நாட்டில் 108 வந்தது 2008-இல் என்பதை இதோடு சேர்த்து நினைச்சுக்கோங்க.

இனி என் கதை. விவரங்களை மாத்தியிருக்கேன்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். தென்மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி. ராத்திரி 1 மணி வாக்கில் உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. 22 வயசு. பைபாஸில் பைக் சறுக்கிடுச்சு, ஹெல்மெட் இல்லை. வந்தப்ப முனகிட்டு, கையைத் தட்டிவிட்டுட்டு இருந்தான். ஸ்கேனுக்கு வரிசை. அதுக்குள்ள இன்னும் 2 கேஸ் வந்துச்சு. "அரை மணிக்கு ஒரு தடவை ஜிசிஎஸ் பாருப்பா"ன்னு சொல்லிட்டு சீனியர் தியேட்டருக்குப் போயிட்டார்.

நானும் பார்த்தேன். நெஞ்செலும்பில் விரல் மொட்டியை வைத்துத் தேய்த்தேன். கை மடங்கி நெஞ்சுக்கு வந்தது. எம்5-ன்னு எழுதினேன். அரை மணி கழிச்சு மறுபடி. கை நெஞ்சுக்கு வந்தது. எம்5. மூணாவது தடவையும் எம்5. கேஸ் ஷீட்டில் அழகா வரிசையா 5, 5, 5. ஸ்டேபிள்னு நினைச்சேன். முனகல் நின்னதைத் 'தூங்குறான்'னு நினைச்சேன்.

சீனியர் வந்தார். ஷீட்டைப் பார்க்கலை, பையனைப் பார்த்தார். புருவத்துக்குக் கீழே, கண்குழியின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கை மடங்கியது, மெதுவா, நெஞ்சு வரைக்கும். அங்கேயே நின்னுடுச்சு. மணிக்கட்டு வளைஞ்சு, கட்டைவிரல் உள்ளே மடங்கி. நெற்றிக்கு வரவே இல்லை.

"வலி இங்க இருக்கு. அவன் கை எங்க போகுது பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புரியுதுங்களா? நான் வலி கொடுத்த இடம் நெஞ்சு. அந்தப் பையனோட மூளை கீழே இறங்க இறங்க, கை தானா விறைச்சு மடங்குற நிலைக்கு வந்துடுச்சு. மடங்குற கை எங்கே போகும்? நெஞ்சுக்குத்தான். நான் அதை 'வலியைத் தேடி வந்த கை'ன்னு எழுதினேன். அது எதையும் தேடி வரலை. 5 இல்லை, 3. எப்போ 5-லிருந்து 3 ஆச்சுன்னு சொல்ல என்கிட்ட ஒரு தடயமும் இல்லை, ஏன்னா நான் கேட்ட கேள்வியே தப்பு. வலது கண்ணின் பாப்பா விரிஞ்சிருந்தது. அதையும் சீனியர்தான் டார்ச் அடிச்சுப் பார்த்தார்.

ஸ்கேனில் எக்ஸ்ட்ரா டூரல். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தக்கட்டி. நேரத்தோடு எடுத்தால் பெரும்பாலும் ஆள் எழுந்து நடந்து போகிற வகை. உடனே தியேட்டருக்குப் போனான்.

இப்போ எல்லாம் இதைத் தெளிவாகவே சொல்லிக்கொடுக்கறாங்க. கிளாஸ்கோ ஸ்கேலின் 40-ஆவது வருஷம், 2014-இல் திருத்திச் சொன்ன முறையில் நெஞ்செலும்பைத் தேய்ப்பது இல்லை. கழுத்தோரச் சதையைக் கிள்ளு, இல்லை புருவத்துப் பள்ளத்தை அழுத்து. கை காறை எலும்பைத் தாண்டி மேலே வந்தால் மட்டும் 5. நாங்க படிச்சப்பவும் புத்தகத்தில் இருந்திருக்கும். நான் பார்த்துக் கத்துக்கிட்டது பக்கத்தில் நின்னவங்க செய்ததை.

நம்ம கடற்கரைக்கே உரிய இன்னொரு பொறியும் உண்டு. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிஞ்சது. அதற்குப் பிறகு பார்கள் தேறவில்லை. சங்கு குளிப்பு நிற்கலை. கல்லும் கயிறும் போய் கம்ப்ரசர் வந்தது. படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து ரப்பர் குழாய் வழியா காற்று. மூச்சு தீர்ந்துபோகும் பயம் இல்லை, அதனால் மணிக்கணக்கில் அடியிலேயே இருக்கலாம், அதுதான் பிரச்சினை. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகும். குமிழி தண்டுவடத்தில் போய் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே செயலிழக்கும்.

அப்படி ஒருத்தரைப் படுக்க வைத்து, காலை அழுத்திப் பார்த்து "அசைவில்லை"ன்னு எழுதினால்? அவர் முழு நினைவோடு உங்களையே பார்த்துட்டு இருப்பார். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: மூளை நின்ன பிறகும் தண்டுவட அனிச்சையில் கால் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் எம் ஸ்கோருக்குக் காலைப் பார்க்கிறதில்லை. இரண்டு கையில் எது நல்லா அசையுதோ அது. கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால் கையும் நம்பகம் இல்லை. "நாக்கை நீட்டுங்க", "கண்ணை இறுக்கி மூடுங்க" என்று கேட்கணும்.

கையே அசையாத, கண்ணும் சொன்னதைச் செய்யாத ஆட்களில் உள்ளே யாராவது விழித்திருப்பார்களா? 2006-இல் ஏட்ரியன் ஓவன் குழு, விபத்துக்குப் பின் தாவர நிலையில் இருந்ததாகக் கருதிய 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்" என்றார்கள். ஆரோக்கியமானவர்களின் மூளையில் எந்தப் பகுதி ஒளிர்ந்ததோ அதே பகுதி ஒளிர்ந்தது. 2024-இல் வந்த பெரிய ஆய்வில், சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியது. நாலில் ஒருவர். கயிற்றின் அந்தப்பக்கம் ஆள் இருக்கார், ஆனா சுண்ட முடியலை.

இதைப் படிச்சதிலிருந்து ரவுண்ட்ஸில் நோயாளி தலைமாட்டில் நின்னு "இவர் தேறமாட்டார்"னு பேசுறதை நான் விட்டுட்டேன். வெளியே போய்ப் பேசலாம்.

சரி, அந்தப் பையன். ஆபரேஷன் முடிஞ்சு வென்டிலேட்டரில் இருந்தான். 9-ஆவது நாள் அவங்க அம்மா ஐசியூ வாசலில் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "சார், எம்புள்ள என் கையப் பிடிக்கான் சார்."

இந்த வாக்கியத்தை எல்லா ஐசியூ டாக்டரும் ஆயிரம் தடவை கேட்டிருப்போம். பெரும்பாலும் அது பிடிப்பு அனிச்சை. பிறந்த குழந்தை உள்ளங்கையில் விரலை வைத்தால் மூடிக்கொள்ளுமே, அதேதான். முன்மூளை அடிபட்டால் பெரியவங்களுக்கும் திரும்ப வரும். அம்மாகிட்ட அதைச் சொல்றதுக்கு இன்னும் நல்ல வழி எனக்குத் தெரியலை. ஆனா அன்னைக்கு எனக்கு 5, 5, 5-ன்னு எழுதின ஷீட் ஞாபகத்துக்கு வந்தது. ஒருதடவை அவன் கை சொன்னதைக் கேட்காமல் விட்டிருக்கேன். அதனால அவங்களோட உள்ளே போனேன்.

அம்மா அவன் வலது உள்ளங்கையில் விரலை வச்சாங்க. மூடிக்கிட்டான். "பாத்தீங்களா சார்" என்றாங்க.

"பிடிக்கச் சொல்லாதீங்கம்மா. விடச் சொல்லுங்க" என்றேன். அனிச்சைக்குப் பிடிக்கத் தெரியும், சொன்னா விடத் தெரியாது.

அவங்க அவன் காதுகிட்ட குனிஞ்சு, "எய்யா, கைய விடுய்யா. அம்மா கைய விடு" என்றாங்க.

ஒண்ணும் நடக்கலை. சிஸ்டர் என்னைப் பார்த்தாங்க. நான் மானிட்டரைப் பார்த்தேன். அம்மா இன்னொரு தடவை சொன்னாங்க, கொஞ்சம் அதட்டலா, சாப்பிடக் கூப்பிடுற மாதிரி.

முதல்ல சுண்டுவிரல். அப்புறம் பக்கத்து விரல். மெதுவா நாலு விரலும் விரிஞ்சு அம்மா கை வெளியே வந்துச்சு.

தற்செயலா இருக்கலாம்னு இன்னும் 2 தடவை செய்யச் சொன்னேன். 3 தடவையும் விட்டான். கேஸ் ஷீட்டில் எம்6-ன்னு எழுதிட்டு, பக்கத்தில் நேரத்தையும் போட்டேன். காலை 11.40.

இடது கையில் பலம் முழுசாத் திரும்பலை. உப்பள வேலைக்குப் போக முடியலை, அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்தான்னு பின்னாடி கேள்விப்பட்டேன். அந்த ஒண்ணரை மணி நேரம் முன்னாடி அனுப்பியிருந்தா அந்தக் கை திரும்பியிருக்குமான்னு எனக்குத் தெரியாது. சீனியர்கிட்ட ஒரு தடவை கேட்டேன். பதில் சொல்லாமல் புருவத்தைக் காட்டி, "இங்க அழுத்து" என்றார்.